கேட்க ஒன்றும் இல்லாதவள்

எங்கள் தமிழ்ச் சபையின் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே, ஜெப விண்ணப்பப் பெட்டி என்று ஒன்று தொங்கும். தேவை உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைச் செயலாளர் அதை எடுத்து வாசிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள். பல வருஷங்களாக அந்தச் செயலாளர் நான்தான். திருவனந்தபுரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கடவுளிடம் என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். மகளுக்குக் கனடா விசா, மகனுக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் பெயர், மருமகளுக்கு ஒரு குழந்தை, தனக்கு மூட்டுவலி போக வேண்டும். இந்த நாலுக்குள் முக்கால்வாசி அடங்கிவிடும்.

இவற்றுக்கு நடுவே மாதத்துக்கு இரண்டு தடவையாவது வேறு மாதிரி ஒரு சீட்டு வரும். மருந்துச் சீட்டின் பின்பக்கம், பென்சில் எழுத்து. ‘கேக்க ஒண்ணும் இல்ல. சும்மா வந்தேன்.’ பெயர் இருக்காது. முதல் தடவை யாரோ விளையாடுகிறார்கள் என்று கசக்கிப் போட்டேன். அடுத்தடுத்த தடவைகளிலும் அப்படித்தான். நான் முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் மனு வாங்கி, மனுவுக்குக் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்கியவன். கோரிக்கை இல்லாத மனுவை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதுகிற ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அது பைஸ்டாண்டர் அக்கா.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரை இந்த ஊரில் பைஸ்டாண்டர் என்பார்கள். வீட்டில் ஆள் இல்லாதவர்கள் அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அதுதான் வேலை. மார்த்தாண்டம் பக்கம் ஏதோ ஒரு ஊர். கல்யாணம் ஆகி எட்டாம் மாதம் புருஷன் எங்கேயோ போய்விட்டதாகக் கேள்வி, நான் விசாரித்ததில்லை. ஆரியசாலைக்குப் பின்னால் நாலு பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள்தான். ஆனாலும் சபையில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. பதிவேட்டைத் திறந்தால் ஒழிய அவள் பெயர் யாருக்கும் நினைவு வராது.

“அக்கா, இது விண்ணப்பப் பெட்டி. ஏதாவது விண்ணப்பம் இருந்தாத்தான் போடணும்” என்றேன்.

“அப்போ, வந்தேன்ணு எங்க எழுதிப் போடணும் சாரே?”

“எழுதவே வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்.”

“அவருக்கு அறியும். ஆனா, சும்மா ஒண்ணு பாத்துட்டுப் போலாம்ணு ஒருத்தி வந்தாண்ணா அவருக்கும் ஒரு சந்தோசம்லா. வாறவிய எல்லாரும் கேக்கதுக்காக்கும் வாறது.”

அதன் பிறகு சீட்டைக் கசக்கவில்லை; மடித்துப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுவேன். ஆண்டவருக்குச் சந்தோஷமா என்று தீர்மானிக்க நான் யார்?

அக்கா ஜெபிக்கிறாளா என்றே எனக்குச் சந்தேகம் உண்டு. வாய் அசையாது. கண்ணையும் மூடமாட்டாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து, பிளாஸ்டிக் கூடையில் பிளாஸ்க்கும் துவர்த்துத் துண்டுமாக நேரே கோயிலுக்கு வருவாள். உள்ளே போய் ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருவாள். சில நாள் அப்படியே தூங்கிவிடுவாள். கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்குட்டி வந்து என்னிடம் முறையிட்டான். கேட்டதற்கு, “வார்டுலயும் இதே கததான் சாரே. நோவாளி ஒறங்கும்பம் நாமளும் இத்துபோல ஒரு நிமிசம் கண்ணடைப்போம். ஆளு பக்கத்துல உண்டுண்ணு அவியளுக்கு அறிஞ்சா போரும்” என்றாள்.

கடவுள் நோயாளி இல்லை என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் உறங்குவதும் இல்லை, தூங்குவதும் இல்லை என்று வேதத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன். “அப்போ கூடுதல் கஷ்டம்தானே” என்று பரிதாபப்பட்டாள்.

கடவுளை அவள் ‘அவரு’ என்றுதான் சொல்வாள், வீட்டுக்காரரைச் சொல்வது போல. என் மனைவிக்கு அது பெரிய வேடிக்கை. “என்ன அக்கா, அவரு சுகமா இருக்காரா?” என்று வாசலில் வைத்துச் சீண்டுவாள். அக்கா சிரிக்காமல் யோசித்துப் பதில் சொல்வாள். ஒரு நாள் நல்ல சந்தோஷமாக இருக்கிறார் என்பாள். ஒரு நாள் ஆள் ஒரு மாதிரி இருக்கிறார், நான் ஒன்றும் பேச்சுக் கொடுக்கவில்லை என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு இறையியலில் ஒரு தபால் வழிப் படிப்புச் சான்றிதழ் உண்டு.

தீக்காய வார்டில் ஒரு சின்னப் பெண்ணுக்கு அவள் பதினெட்டு நாள் கூட இருந்தாள். பத்தொன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலுக்கு வந்தாள். ஆனால் பீடத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் குறுக்காகத் திரும்பி உட்கார்ந்து, ஆராதனை முடிகிறவரை ஜன்னலுக்கு வெளியே நின்ற சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு எழுந்திருக்கவும் இல்லை. சபையில் எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வந்ததும், “என்ன இது?” என்று கேட்டேன்.

“நான் அவருகிட்ட மிண்டமாட்டேன் சாரே.”

“பேசப் பிடிக்கலைன்னா வராம இருந்திருக்கலாமே?”

என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “மிண்டலேண்ணா வராம இருக்கியதா? அது எங்ஙன?”

இப்படி மூன்று வாரம். நாலாவது வாரம் நேராக உட்கார்ந்திருந்தாள். சமாதானம் எப்படி ஆயிற்று, யார் முதலில் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு யோசனை மட்டும் வந்தது. அறுபது வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன். கடவுளோடு எனக்கு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அதை அதுவரை என் பக்தியின் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசை இருந்தது. திருவிருந்து வாங்க வேண்டும். எங்கள் முறைப்படி, சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்த பிறகு திடப்படுத்தல் வகுப்பில் படித்து, பிஷப் தலையில் கைவைத்து ஜெபித்தால்தான் அப்பமும் திராட்சை ரசமும் கிடைக்கும். ஊரில் அந்த வயதில் அவள் முந்திரி ஆலையில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வகுப்புக்குப் போக விடவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் பீடத்தை நோக்கி வரிசையில் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் இருப்பாள்.

“ஆஸ்பத்திரியில எத்தர பேருக்கு நான் கஞ்சி கோரிக் குடுக்கியேன்” என்று ஒரு தடவை என் மனைவியிடம் சொன்னாளாம். “எனக்கு ஒருத்தரு தந்து நான் தின்னதா ஓர்மையே இல்ல. அவரு தாறத ஒரு வாய் வாங்கித் திங்கணும். அது போரும் எனக்கு.”

அந்த வகுப்பை நடத்துகிறவன் நான்தான். சனிக்கிழமை மூன்று மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை ஹாலில். எட்டு, ஒன்பது படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. எதையெல்லாம் விசுவாசிக்கிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்து உருப்போடுவார்கள். ஒப்பிக்கச் சொன்னால் வேணாடு எக்ஸ்பிரஸ் மாதிரி ஒரே ஓட்டமாக ஓடி ஆமென் என்று நிறுத்துவார்கள். அர்த்தம் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சொல் விட்டுப்போகவில்லை என்றால் நான் டிக் போடுவேன்.

கடைசி பெஞ்சில், அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்துக் கட்டளையும் சொல்வாள். கர்த்தருடைய ஜெபம் சொல்வாள். விசுவாசப் பிரமாணத்தில்தான் மாட்டிக்கொள்வாள். நன்றாக ஆரம்பித்து, சிலுவை வந்து, இயேசு மரித்து அடக்கம்பண்ணப்பட்டதைச் சொல்லுகிற இடம் வரைக்கும் வருவாள். அங்கே நின்றுவிடுவாள். நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். தலையை ஆட்டுவாள், சொல்லமாட்டாள். கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள்.

“சரி, உட்காருங்க அக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பேன்.

இது மூன்று வருஷம் நடந்தது. பிஷப் வருகிற ஒவ்வொரு வருஷமும் நான் பட்டியல் அனுப்பினேன். மூன்றிலும் அவள் பெயர் இல்லை. வயதான பெண், கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். இன்றைக்கு ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று நான்தான் எதிர்த்துப் பேசினேன். விசுவாசிக்கிறேன் என்று முழுதாகச் சொல்லத் தெரியாத ஒருவரை எப்படிச் சேர்ப்பது? அன்று என் பேச்சு நன்றாக இருந்ததாகப் பாராட்டினார்கள்.

நாலாவது வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி நேர ஆராதனை முடிந்தது. வெளியே பந்தலில் கஞ்சியும் பயறும். மூன்று மணி நேரம் சிலுவைப்பாட்டைக் கேட்ட சபை, பத்தே நிமிஷத்தில் ஈஸ்டருக்கு ஆடா கோழியா என்று பேசிக்கொண்டிருந்தது. நானும் பேசினேன், நான் ஆட்டுக்கட்சி. கோயில்குட்டி கஞ்சி விளம்பிக்கொண்டிருந்ததால், கதவை அன்றைக்கு நானே பூட்டிக்கொண்டு கரமனைக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்தபோதுதான் மூக்குக்கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் விட்டுவிட்டேன். திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது ஐந்தரை மணி. நல்ல வெளிச்சம் இருந்தது. உள்ளே, கறுப்புத் துணி போர்த்திய சிலுவைக்கு முன்னால் முதல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வார்டில் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருப்பது போல, கொஞ்சம் முன்னால் சாய்ந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ அக்கா! உள்ள பாக்காமப் பூட்டிட்டேனே. கதவத் தட்டியிருக்கலாமே? கையில போன் இருக்கே?”

“பூட்டின சத்தம் கேட்டுது சாரே. எனக்குப் போவணும்ணு தோணல்ல.” முகம் வீங்கியிருந்தது. நன்றாக அழுதிருக்கிறாள். “ஒரு துட்டி வீட்டுல, எடுத்த ஒடனே கஞ்சியக் குடிச்சிட்டு எல்லாரும் எழும்பிப் போயிருவினுமா? ஒருத்தராவது இருக்காண்டாமா?”

செத்த வீட்டைத்தான் எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். நான் அவளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்தியார் புத்தி போகவில்லை. “ஞாயித்துக்கிழம உயிர்த்தெழுந்துட்டாரே அக்கா. அதுதானே நம்ம விசுவாசமே? அது தெரிஞ்ச பெறகு எதுக்கு அழணும்?” என்றேன்.

“அறியும் சாரே. அறிஞ்சா அழக்கூடாதா?” அவள் குரலில் கோபம் இல்லை. எனக்குப் புரிய வைக்கத்தான் பார்த்தாள். “டயாலிசிஸுக்கு ஊசி குத்தும்பம், நாலு மணிக்கூறுல எல்லாம் முடிஞ்சு ஆளு எழும்பி இருக்கும்ணு எனக்கு நல்லா அறியும். அதுக்காவ, குத்தும்பம் கையப் பிடிக்காம இருப்பனா? வேதன அப்போ இல்லியா?”

பிறகு அவளே தொடர்ந்தாள்.

“நீங்க படிப்பிக்கிய அந்தப் பிரமாணமும் அப்பிடித்தான். அடக்கம் பண்ணப்பட்டாருண்ணு பறஞ்சு, அடுத்த மூச்சுல எழும்பினாருண்ணு பறயணும். எனக்கு நாக்கு எழும்பாது. நடுவுல ரெண்டு ராத்திரி உண்டுல்லா? அவருக்க அம்ம எங்ஙன இருந்திருப்பா? கூட நடந்தவிய எங்ஙன இருந்திருப்பினும்? இத்துபோல நேரம் அங்ஙன நிக்கணும் சாரே. நிண்ணுட்டுத்தான் எனக்குப் போவ ஒக்கும்.”

“மிச்சம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம பின்ன? சின்னதுலயே பாட்டு மாதிரி கேட்டதுதானே.”

“அப்ப, மூணு வருஷமா ஏன் அக்கா எங்கிட்ட இதச் சொல்லல?”

“நீங்க கேக்கல்லியே சாரே. இருக்கச் சொன்னிய. நான் இருந்தேன்.”

மூக்குக்கண்ணாடியை எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். கதவைப் பூட்டவில்லை; அவள் போகும்போது கோயில்குட்டி பூட்டிக்கொள்ளட்டும் என்று சாவியை அவன் வீட்டில் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

ஈஸ்டர் கழிந்து இரண்டாவது வாரம் பிஷப் வருவதாக இருந்தது. பட்டியல் போய்விட்டிருந்தது. நான் பாஸ்டரிடம் போய், இன்னும் ஒரு பெயர் உண்டு, நீங்களே ஒரு தடவை கேட்க வேண்டும் என்றேன். பாஸ்டர் எங்கள் எல்லோரையும்விட இளையவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். அன்றைக்கும் பழவங்காடி பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கி மாட்டியபடியே வெஸ்ட்ரியில் உட்கார்ந்து, “ம், சொல்லுங்க அக்கா” என்றார்.

அக்கா ஆரம்பித்தாள். வழக்கமான இடம் வந்தது. நின்றாள்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து, “கொஞ்சம் பொறுங்க பாஸ்டர்” என்றேன். அப்படி ஒருவரின் கையைப் பிடித்துப் பேசுகிற ஆள் இல்லை நான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தான். மேலே மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. அக்கா கீழே பார்த்தபடி நின்றாள். மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ. ஒரு அறையில் மூன்று பேர் ஒன்றும் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு நீளமான நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறந்துதான் போய்விட்டாளோ என்று எனக்கே பயம் வந்தது. மறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

பிறகு அவள் தலையை நிமிர்த்தி, மூன்றாம் நாளிலே என்று தொடங்கினாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது. கடைசி வரை ஒரு சொல் பிசகவில்லை. பாஸ்டர் என் கையிலிருந்த பட்டியலின் நகலை வாங்கி, அடியில் அவள் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகிற அவசரத்திலும் வாசலில் நின்று, “இவங்கள இத்தன வருஷமா யாரு கேட்டது?” என்றார்.

“நான்தான்” என்றேன்.

பிஷப் வந்தார், பதினாறு பிள்ளைகளுக்கும் ஒரு அக்காவுக்கும் தலையில் கை வைத்தார். அன்றைக்கே அவள் வரிசையில் வந்து, முழங்காலிட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்கினாள். மெதுவாக மென்றாள். பின்னால் வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே வந்தபோது என் மனைவி, “எப்பிடி இருந்துச்சு அக்கா?” என்று கேட்டாள். விரல் நுனியைக் காட்டி, “இத்துபோலத்தான் உண்டு. ஆனா பசி அடங்கிச்சு” என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

சபையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லோரும் சேர்ந்து சொல்லி முடித்த பிறகு, பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வெகுநேரம் வந்துகொண்டிருக்கும். யாரோ காது மந்தமானவர் என்று நான் நினைத்திருந்தேன். அது யார் என்று அதற்குப் பிறகு எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் அந்தக் குரலுக்காகக் காது கொடுத்திருந்தேன். பிறகு அக்காவுக்கு முழங்கால் போயிற்று. வேலை பார்க்க முடியாமல், மார்த்தாண்டம் பக்கம் தங்கை மகள் வீட்டுக்குப் போனாள். இருந்த போன் நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. இப்போது எங்கள் சபையில் எல்லோரும் ஒரே நேரத்தில் முடிக்கிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்படி நின்று பார்த்தேன். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். சபை என்னைத் தாண்டிப் போனது. ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். சட்டை உரசுகிறது, பக்கத்தில் நிற்கிறவர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார், மறந்துவிட்டேன் என்று நினைப்பாரோ, வயதாகிவிட்டது என்று செயலாளர் பதவியை எடுத்துவிடுவார்களோ. இவ்வளவுதான் வந்தது. அவசரமாக மிச்சத்தைச் சொல்லி, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, “உங்களுக்கு அவரு மேல பிரியம் உண்டா?” என்று கேட்டாள்.

“நம்பிக்கை உண்டு” என்றேன். “அதில ஒரு நாளும் குறை வந்ததில்ல.”

“அத நான் கேக்கல்ல” என்றாள்.